மாடியில் நண்டு

அந்த சீட்டுல உக்காராதீங்க தம்பி. சொன்னா கேளுங்க. காஞ்சிருக்கேன்னு பாக்குறீங்க. பஸ்ஸு நிக்குது, அதனால காஞ்சிருக்கு. டிரைவர் கிளம்பி ஒரு வளைவுல திரும்பினான்னா, மேல தேங்கி நிக்கிற தண்ணி மொத்தமும் அந்த ஆணி ஓட்டை வழியா நேரா உங்க உச்சந்தலையிலதான் இறங்கும். இங்க வாங்க, எம் பக்கத்துல. நான் ஏறினதும் மொத வேலையா அண்ணாந்து பாத்துட்டுத்தான் உக்காந்தேன்.

பையை மடியில வச்சிக்கங்க. தீபாவளித் துணியா? நனைஞ்சிடப் போவுது.

ஆங், பாத்தீங்களா! கொட்டுச்சா இல்லையா? அடடா, அந்தக் கண்ணாடிக்காரர் போயி உக்காந்துட்டாரே. நான் கையைக் காட்டினேன், அவரு கண்டுக்கவே இல்ல. சொல்பேச்சு கேக்காத மனுசங்களை ஒண்ணும் பண்ண முடியாது தம்பி.

எனக்கு எப்படித் தெரிஞ்சுதுங்கிறீங்களா? ஒழுகுற விஷயத்துல எனக்கு இருக்குற ஞானம் இந்த ஜில்லாவுல ஒருத்தனுக்குக் கெடையாது. ஆனா எங்க வீடு ஒழுகுதுன்னு நினைச்சிடாதீங்க. எங்க வீடு ஒழுகல. அதுல ஒரு சின்ன விவகாரம் இருக்கு, அவ்வளவுதான்.

இந்தத் தூக்குச் சட்டியா? இதுல பலகாரம் இல்ல. மூடியைத் தொடாதீங்க. சத்தம் வந்தா வரட்டும், நீங்க காதுல வாங்காதீங்க.

நமக்கு மன்னார்குடிக்குக் கிழக்க. பேரு பக்கிரிசாமி. மூணு ஏக்கரா நெலம், ஒரு பொண்டாட்டி, ஒரு பொண்ணு. பொண்டாட்டி பேரு தையல்நாயகி. அவ இப்ப அவ அண்ணன் வீட்டுல இருக்கா. மச்சான் குஞ்சிதபாதம் வீடு. ரோட்டு மேலயே வீடு, பஸ் வாசல்லயே நிக்கும். அங்கதான் போறேன். கூட்டியாரப் போறேன். கெஞ்சிக் கூட்டியாரப் போறேன்னு நினைக்காதீங்க. ஆதாரத்தோட போறேன்.

நாளைக்கு மறுநாள் தீபாவளி இல்லையா? எம் பொண்ணு வளர்மதிக்கு இது தலை தீபாவளி. வைகாசியிலதான் கட்டிக் கொடுத்தோம். மாப்பிள்ளைக்குத் திருப்பூர்ல வேலை, ரெண்டு பேரும் நாளைக்குக் காலையில வந்து இறங்குறாங்க. எங்க வந்து இறங்குறாங்கங்கிறதுதான் கேள்வி. எங்க வீட்டுலயா, மச்சான் வீட்டுலயா? நீங்களே சொல்லுங்க. அப்பன்காரன் கல்லு மாதிரி உயிரோட இருக்கேன், சொந்தமா வீடு இருக்கு, பொண்ணுக்குத் தலை தீபாவளி மாமன் வீட்டுல நடந்துச்சுன்னா ஊர்ல எவன் என்னை மதிப்பான்? டீக்கடைப் பக்கம் தலை காட்ட முடியுமா?

எல்லாம் கூரையால வந்த வினை. சொல்றேன், கேளுங்க. இறங்க இன்னும் நேரம் இருக்குல்ல?

முன்னாடி எங்களுது ஓட்டு வீடு. நாட்டு ஓடு. நல்லாத்தான் இருந்துச்சு. பொண்ணுக்கு வரன் பாக்க ஆரம்பிச்சோம் பாருங்க, அங்க பிடிச்சுது சனி. வர்ற தரகரெல்லாம் மொதக் கேள்வி, "பொண்ணு வீடு தளம் போட்ட மெத்தை வீடா, ஓட்டு வீடா?" பொண்ணு என்ன படிச்சிருக்குன்னு கேக்கல, குணம் என்னன்னு கேக்கல. கூரையைக் கேக்குறான். சரி, மாத்திடுவோம்னு முடிவு பண்ணினேன். எல்லாத்தையும் யோசிச்சேன் தம்பி, ஒண்ணையும் விடல. ஓலை போட்டா ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா பிரிச்சு மேயணும், ஆளே கெடைக்கிறதில்ல. தகர சீட்டுப் போட்டா சித்திரையில உள்ள உக்காந்து அப்பளம் பொரிக்கலாம். அதோட மழை பேஞ்சா அந்தச் சத்தத்துல புருசன் பொண்டாட்டி பேசுறது ஒருத்தருக்கொருத்தர் கேக்காது. சில பேருக்கு அது தோதாவும் இருக்கும். எனக்கு அது சரிப்படாது. வீட்டுல பேசுறது காதுல விழணும்.

தையல்நாயகி என்ன சொன்னா தெரியுமா? "ஓடே இருக்கட்டுங்க. ஒழுகுனா எந்த ஓடுன்னு தெரியுது, மாத்துனா முடிஞ்சுது. தளம் ஒழுகுனா எங்கன்னு போயித் தேடுவீங்க?" பொம்பளைக்கு என்ன தெரியும்னு பேசுற ஆளு இல்ல நான். அவ சொன்னதை முழுசா நின்னு கேட்டேன். கேட்டுட்டு மறுநாளே ஓட்டைப் பிரிச்சேன்.

போன வருசம் பங்குனியில தளம் போட்டோம். எங்க ஊரு சம்பந்தம் கொத்தனார்தான் வேலை. கெட்டிக்காரரு, ஆனா கொஞ்சம் பிடிவாதம். கான்கிரீட் கொட்டுற அன்னிக்கு வந்து நிக்கிறாரு. "ஐயா, மழைத் தண்ணி ஓடணும், தென்மேற்கு மூலையிலேர்ந்து குழாய் பக்கம் வாட்டம் விட்டுடுறேன்." வாட்டம்னா சரிவு. நான் கேட்டேன், "ஏய்யா, நான் முப்பத்தஞ்சு வருசமா பரம்படிச்சு வயலைச் சமமாக்குறவன். சரிஞ்ச தரையில மேட்டுல காயும், பள்ளத்துல அழுகும். இது தெரியாதா?" "ஐயா, இது வயல் இல்லைங்க"ங்கிறாரு. "எதுவா இருந்தா என்ன, தரை தரைதான்"னேன். நானே மேல ஏறி நின்னுக்கிட்டேன். ரசமட்டத்தை வச்சு மூணு தடவை பாத்து, ஒரு நூல் ஏற எறங்க இல்லாம சமமாப் போட வச்சேன். அவரு முணுமுணுத்துக்கிட்டே போட்டாரு. அப்படி ஒரு சமதளத்தை நீங்க எங்கயும் பாத்திருக்க மாட்டீங்க. கோலி குண்டை வச்சா அப்படியே நிக்கும்.

மறுநாள் மேல சின்னச் சின்ன வரப்பாக் கட்டி, எட்டு பாத்தி பிரிச்சு, தண்ணி விட்டாங்க. தளம் இறுகணும்னா மூணு வாரம் அப்படித் தண்ணி நிக்கணுமாம். நான் சாயங்காலமா ஏணியில ஏறிப் பாக்குறேன் தம்பி. எட்டு பாத்தியிலயும் தளதளன்னு தண்ணி. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. அந்த வருசம் எங்க வயல்ல கூட நான் அப்படி ஒரு தண்ணியைப் பாக்கல.

அது மட்டுமா? தளத்துக்குக் கீழ நிறுத்தியிருந்த முட்டுக் கம்பையெல்லாம் பிரிச்சதும் உள்ள போயிப் பாக்குறோம், கூடத்துல ஜில்லுன்னு இருக்கு. வெளிய சித்திரை வெயிலு, கால் வைக்க முடியல. உள்ள ஃபேனே வேண்டாம். சம்பந்தம் கொத்தனார் வந்து, "மூணு வாரம் ஆச்சு, பாத்தியை உடைச்சு விட்டுட்டு, மேல செங்கல் தூள் கலந்த சுருக்கிக் காரை போட்டு, தட்டோடுங்கிற தட்டைச் செங்கல்லைப் பதிச்சுடலாம்"னாரு. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். நிறைஞ்சு நிக்கிற பாத்தியை உடைக்கச் சொல்ற வாய் என்ன வாய்யா அது? "தட்டோடு எதுக்கு?"ன்னேன். "வெயிலு இறங்காம இருக்கவும், தண்ணி இறங்காம இருக்கவும்"னாரு. "வெயிலுக்குத் தண்ணியை விட வேற என்னய்யா வேணும்?"னு கேட்டேன். அவரால பதில் சொல்ல முடியல. சொன்னாரு, நான்தான் கேக்கல. தண்ணி போற குழாயில தேங்கா மட்டையை வச்சு அடிச்சு இறுக்கிட்டேன்.

அந்தக் கோடை முழுக்க எங்க வீடு ராஜா வீடு. ஊர்ல உள்ள மத்த மெத்தை வீடெல்லாம் அக்னி நட்சத்திரத்துல கொதிக்குது. எங்க கூடத்துல மார்கழி. வார்டு மெம்பர் மத்தியானம் சாப்பிட்ட கையோட வந்து படுத்துருவாரு. அவரைப் பாத்து நாலு பேரு, நாலு பேரைப் பாத்து பத்து பேரு. எல்லாரும் என்னைத்தான் கேப்பாங்க, "பக்கிரி, எப்படிய்யா உனக்கு இந்த யோசனை வந்துச்சு?" தையல்நாயகி அத்தனை பேருக்கும் டீ போட்டா. ஒரு நாள், "ஊரே இங்க வந்து படுத்துக்குது, நான் எங்க படுக்கிறது?"ன்னு கேட்டா. நல்லா தமாசாப் பேசுவா. நாங்க எல்லாரும் சிரிச்சோம்.

கொசு வந்துச்சுதான். இல்லைங்கல. அதுக்கு மீன் குஞ்சு விட்டேன். மீன் வந்தா கொக்கு வந்துச்சு. கொக்கு வந்தா முத்தத்துல காயப்போட்ட துணியெல்லாம் வெள்ளை வெள்ளையா ஆச்சு. அவ திட்டுனா. நான் சொன்னேன், "அடியே, கொக்கு வந்தா செழிப்புடி. அவனவன் வயல்ல வரலியேன்னு ஏங்குறான்." ஐப்பசி மழையில கூடத்து விட்டத்துல ரெண்டு எடத்துல கருப்பாத் தெரிஞ்சுது. "ஈரங்க"ன்னா. "நிழலுடி"ன்னேன். "ராத்திரியில கூடவா நிழல் தெரியும்?"னா. எதைச் சொன்னாலும் எதிர்ப்பேச்சு.

சிரிக்கிறீங்க. சிரிங்க, சிரிங்க. இனிமேதான் விசேஷமே இருக்கு.

இந்த வருசம் வைகாசியில கல்யாணம் முடிஞ்சுது. ஆனி மாசம் வாய்க்கால்ல தண்ணி வரல. ஊர்ல எல்லாரும் நாத்து விட வழியில்லாம வானத்தைப் பாத்துக்கிட்டு நிக்கிறாங்க. நான் என் மாடியைப் பாத்தேன். ஆயிரம் சதுர அடி. சமமட்டம். தண்ணி நிக்குது. கொத்தனாரு கட்டுன வரப்பு ரெடியா இருக்கு. வேற என்ன வேணும்? குளத்துலேர்ந்து வண்டல் மண்ணைக் கூடையில அள்ளி அள்ளி ஏத்துனேன். நாலு நாள். இடுப்பு போச்சு. மண்ணை நிரவி, மண்வெட்டியால நல்லா கொத்திச் சேறாக்கி விட்டேன். ரெண்டு மூணு தடவை அடியில டங்கு டங்குன்னு பட்டுச்சு. கெட்டியான தளம், நல்லா வேலை பண்ணியிருக்காருன்னு நினைச்சுக்கிட்டேன். அப்புறம் விதை விட்டேன்.

வந்துச்சு பாருங்க நாத்து! பச்சைப் பசேல்னு. ஒரு மா, அதாவது மூணுல ஒரு ஏக்கரா நெலத்துக்கு ஆகுற நாத்து, எங்க வீட்டு உச்சியில. பஸ்ல போறவங்க எழுந்து நின்னு பாத்தாங்க. வேளாண்மை ஆபீசர் ஒருத்தர் வந்து ஏணியில பாதி ஏறிப் பாத்துட்டு, அப்படியே இறங்கிப் போயிட்டாரு. அசந்துட்டாரு மனுசன்.

வாய்க்கால்ல தண்ணி வந்ததும் நாத்தைப் பறிச்சு வயல்ல நட்டாச்சு. அதுக்கப்புறம்தான் ஆடி. ஆடிக்குப் பொண்ணை அழைக்கணுமே, அதுக்கு சம்பந்தி வீட்டுலேர்ந்தும் வந்திருந்தாங்க. கூடத்துல இலை போட்டுப் பந்தி. சம்பந்தி நடுவுல உக்காந்திருக்காரு. அவருக்கு வழுக்கை. சரியா அந்த வழுக்கையில, டொக்குன்னு ஒரு சொட்டு.

அண்ணாந்து பாத்தாரு. நானும் பாத்தேன். எல்லாரும் பாத்தாங்க.

தையல்நாயகி ஓடியாந்தா. "ஐயையோ, ஒழுகுது அண்ணே, இலையை அந்தப் பக்கம் மாத்திப் போடுறேன்"னா. நான் விடுவேனா? சபையில வச்சு என் வீட்டை ஒழுகுதுங்கலாமா? "ஒழுகவும் இல்ல, ஒண்ணும் இல்ல. சம்பந்திக்கு வேர்க்குது. ஃபேனைக் கூட்டி வையி"ன்னேன். ரெண்டாவது சொட்டு பாயசத்துல விழுந்துச்சு. "பாயசம் கொஞ்சம் கெட்டியாத்தான் இருந்துச்சு, பரவால்ல"ன்னேன். மூணாவது சொட்டோட ஒரு மீன் குஞ்சு... இல்ல தம்பி, அது பொய்யி. மீன் விழல. ஊர்ல அப்படிக் கட்டி விட்டுட்டானுங்க. சேறுதான் விழுந்துச்சு.

சம்பந்தி நல்ல மனுசன். இலையை மூடிட்டு எழுந்திரிச்சிட்டாரு.

அப்புறம் அடுப்படியிலயும் ஆரம்பிச்சுது. சரியா அடுப்பு மேல. அவ கொடையைப் பிடிச்சுக்கிட்டுச் சமைச்சா. அடுப்பை நகத்துனா, சொட்டும் பின்னாடியே வந்துச்சு. கடைசியில மாட்டுக் கொட்டாய்ல போயி அடுப்பு போட்டா. "ஒழுகுதுன்னு ஒரு வார்த்தை ஒத்துக்கிட்டா கொத்தனாரைக் கூப்பிடலாம்ல?"ன்னு கேப்பா. நான் சொன்னேன், "ஒழுகுறது வேற, வடியிறது வேற. நிறைஞ்ச வயலு ஒரே நாள்ல வடிஞ்சா என்ன அர்த்தம்? வரப்புல நண்டு வளை இருக்குன்னு அர்த்தம்." அதைக் கேட்டு என்னை ஒரு பார்வை பாத்தா. "நண்டு எப்படிங்க மாடிக்கு ஏறும்?" "வண்டல்ல வந்திருக்கும்." "வந்து?" "தளத்துல வளை தோண்டியிருக்கும்." அவ கையில இருந்த கரண்டியைக் கீழ வச்சா.

ஆவணி பொறந்ததும் பெட்டியை எடுத்தா. வாசல்ல நின்னு என்ன சொன்னா தெரியுமா? "ஒழுகுதுன்னு சொன்னா, ஆமா ஒழுகுதுன்னு சொல்ற வீட்டுக்குப் போறேன். தலை தீபாவளி அங்கதான்"னா. எப்படிக் குத்துறா பாருங்க. அவ அண்ணன் வீடு ஓட்டு வீடு, அது ஒழுகாதாம், எங்க வீடு ஒழுகுமாம். அதானே அர்த்தம்? குஞ்சிதபாதம் வருசா வருசம் ஆனியில ஓட்டு மேல ஏறி ஒவ்வொண்ணாத் தட்டித் தட்டிப் பாத்து மாத்துவான். அந்தப் பெருமை அவளுக்கு.

போகட்டும்னு விட்டேன். ரெண்டரை மாசம். தனியாச் சமைச்சேன், தனியாச் சாப்பிட்டேன். கட்டிலை நாலு எடத்துல மாத்திப் போட்டேன். சொட்டுக்குப் பாத்திரம் வைக்கிறதுல ஒரு கணக்கு இருக்கு தம்பி, அலுமினியத்தை வைக்கக் கூடாது, சத்தம் தூங்க விடாது. பிளாஸ்டிக் வாளியில துணியைப் போட்டு வைக்கணும். இதையெல்லாம் யாருகிட்ட சொல்றது? வீட்டுல எதிர்ப்பேச்சு பேச ஆளு இல்ல. ஒரு நாள் நானே, "ஈரமா, நிழலா?"ன்னு சத்தமாக் கேட்டேன். கஷ்டமா இருந்துச்சு, மறைச்சு என்ன ஆவப்போவுது.

தெனமும் மாடிக்குப் போயி நண்டைத் தேடுனேன். கருவாட்டைக் கயித்துல கட்டித் தொங்க விட்டேன். எதிர் வீட்டுக்காரர் பாத்துட்டு எங்க வீட்டுப் பக்கம் வர்றதையே நிறுத்திட்டாரு.

முந்தாநாள் வளர்மதி போன் பண்ணுச்சு. "அப்பா, எந்த ஊருக்கு டிக்கெட் எடுக்கட்டும்? மாமா வீட்டுல தலை தீபாவளின்னா எங்க அத்தை என்னப்பா நினைப்பாங்க?"ன்னு. "மன்னார்குடிக்கே எடும்மா. அப்பா எல்லாத்தையும் சரி பண்ணிடுறேன்"னு சொல்லிட்டேன்.

நேத்திக்குக் காலையில சம்பந்தம் கொத்தனாரை வரச் சொன்னேன். அவரு கீழ நிக்கிறாரு. நான் மேல ஏறி, மண்வெட்டியை எடுத்து, நிறைஞ்ச பாத்தியை என் கையாலயே உடைச்சேன் தம்பி. எந்த விவசாயியும் செய்யாத காரியம். அழுதேன். தேங்கா மட்டையைப் பிடுங்குனேன். ஒன்றரை வருசத் தண்ணி, வண்டலு, பாசி, மீனு, எல்லாம் ஒரே பாய்ச்சலா அந்தக் குழாய் வழியாக் கொட்டுச்சு. குழாய்க்கு நேர் கீழதான் கொத்தனாரு அண்ணாந்து நின்னுக்கிட்டு, "மெதுவா விடுங்க ஐயா"ன்னு சொல்லிக்கிட்டிருந்தாரு. பாதியில நின்னுடுச்சு அந்தப் பேச்சு. தலையிலேர்ந்து கால் வரைக்கும் சேறு, சட்டைப் பையில ஒரு கெண்டை.

தண்ணி வடிஞ்சு முடிஞ்சுது. மேல மூலையில என்னமோ நகருது. ஓடிப் போயிப் பாக்குறேன். நண்டு!

ஆமா தம்பி, நண்டு! நான் சொன்ன நண்டு! இத்தனூண்டு வயல் நண்டு, காலைத் தூக்கிக்கிட்டு நிக்குது. எனக்கு ஆட வரும்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. "கொத்தனாரே, மேல வாய்யா!"ன்னு கத்துனேன். அவரு சேத்தோட ஏறி வந்தாரு. நண்டைப் பாத்தாரு. என்னைப் பாத்தாரு. "ஐயா, இது நண்டு. அது கான்கிரீட்டு"ன்னாரு. அப்புறம் சேத்தைக் காலால தள்ளிக் காட்டுறாரு. தளத்துல வரிசையா வெட்டு வெட்டா இருக்கு. நான் சொன்னேன், "பாத்தீரா, அது பிராண்டுன தடம்." அவரு குனிஞ்சு, பக்கத்துல கெடந்த என் மண்வெட்டியை எடுத்து, அந்த வெட்டுல வச்சாரு. கச்சிதமாப் பொருந்துச்சு. "இந்த நண்டோட காலு இதானுங்களா ஐயா?"ன்னு கேட்டுட்டு இறங்கிட்டாரு. மழை விட்டதும் வந்து கொத்தி அடைச்சு, வாட்டம் விட்டு, தட்டோடு போட்டுத் தர்றேன்னாரு. அதுவரைக்கும் தார்ப்பாய். குசும்பு பிடிச்ச மனுசன். ஆனா நண்டு நண்டுதானே? கெடைச்சுதா இல்லையா?

அதான் இந்தத் தூக்கு. ஆமா, உள்ள அதுதான். பயப்படாதீங்க, மூடி இறுக்கம். போன உடனே அவ முன்னாடி வச்சுத் திறப்பேன். வாயைத் திறக்க மாட்டேன். திறந்து காட்டுவேன், அவ்வளவுதான். அவளே, "நீங்க சொன்னதுதாங்க சரி, வாங்க போவலாம்"னு பெட்டியை எடுத்துருவா. சாயங்கால பஸ்ஸுக்கு வீட்டுல இருப்போம். நாளைக்குப் பொண்ணு வரும்போது அம்மாக்காரி வாசல்ல நிப்பா. சரிதானே?

வந்தாச்சு, மச்சான் ஊரு. அந்தா, புளிய மரம் தாண்டி, அதுதான் வீடு. அந்த சாக்கு மூட்டைக்காரரு இறங்கட்டும், வழியை அடைச்சுக்கிட்டு நிக்கிறாரு. கண்டக்டரு, ஒரு ஆளு இறங்கணும்யா!

ஜன்னலைக் கொஞ்சம் தூக்குங்க தம்பி. அது யாரு ஓட்டு மேல? இந்த மழையில? குஞ்சிதபாதம்! கையில நீலத் தார்ப்பாய். ஒழுகுது! தம்பி, மச்சான் வீடு ஒழுகுது! ஆனியில தட்டித் தட்டி மாத்துனானே, ஹா! வாசல்ல பாருங்க, குண்டான், வாளி, அண்டா, உள்ள சொட்டுக்கு வச்சது அத்தனையும் ரொம்பி வெளிய வந்து கெடக்கு. பத்து எடத்துல ஒழுகுது போலருக்கே! எங்க வீட்டுல கூட ஆறுதான். எனக்கு இன்னிக்குத்தான் தீபாவளி.

அவதான் அது. தையல்நாயகி. முந்தானையைத் தலையில போட்டுக்கிட்டு, வாளித் தண்ணியை வெளிய ஊத்துறா. சிரிச்சுக்கிட்டே ஊத்துறா, பாத்தீங்களா? அண்ணாந்து என்னமோ சொல்றா. கையை இப்படிக் காட்டுறா. அவன் தார்ப்பாயை அந்தப் பக்கம் இழுக்கிறான். இல்லைங்கிறா. இந்தப் பக்கம் காட்டுறா. இந்தப் பக்கம் இழுக்கிறான். அவ கையைக் காட்டுற பக்கமெல்லாம் அவன் நகத்துறான்.

அப்ப... இவ்வளவு ஒழுகுற வீட்டுலதானா ரெண்டரை மாசமா இருந்தா?

இருங்க தம்பி. கொஞ்சம் இருங்க. என்ன சொல்லிட்டுப் போனா அவ? "ஒழுகுதுன்னு சொன்னா, ஆமா ஒழுகுதுன்னு சொல்ற வீட்டுக்கு"ன்னா. நான் அதை அண்ணன் வீட்டு ஓட்டுக் கூரையைச் சொல்றான்னு நினைச்சேன். முப்பது வருசமா அவ கையைக் காட்டுன பக்கம் நான் எப்பத் திரும்பிப் பாத்திருக்கேன்? சம்பந்தி மண்டையில சொட்டுது, வேர்வைன்னேன். அவ ஒரு வார்த்தைதானே கேட்டா. தார்ப்பாய் கூடக் கேக்கலியே.

இப்பதான் தம்பி உறைக்குது. நெஞ்சு வரைக்கும் உறைக்குது.

பாத்துட்டா. பஸ்ஸைப் பாத்துட்டா. என்னையும் பாத்துட்டா. என்னமோ சொல்றா, மழையில கேக்கல. கையை ஏணிப் பக்கம் காட்டுறா. தார்ப்பாயோட அந்த முனை காத்துல அடிக்குது, பிடிக்க ஆளு இல்ல. என்னைத்தான் ஏறச் சொல்றா. இதோ வர்றேன், வர்றேன்! ஒழுகுதுதான், தையல்நாயகி! ஆமா, நம்ம வீடுந்தான்!

கேட்டுச்சா அவளுக்கு? கேக்கலன்னாலும் பரவால்ல, கிட்டப் போயி இன்னொரு தடவை சொல்றேன். பொண்ணுக்குப் போன் பண்ணி இந்த ஊருக்கே வரச் சொல்லிடுறேன். அம்மா இருக்குற எடத்துலதான் தலை தீபாவளி. டீக்கடையில எவன் சிரிச்சா எனக்கென்ன?

கண்டக்டரு, விசில் அடிக்காதய்யா, இறங்குறேன்ல!

தம்பி, இந்தாங்க, இந்தத் தூக்கை நீங்களே வச்சிக்கங்க. இல்ல இல்ல, பிடிங்க. இது இனிமே எனக்கு எதுக்கு? குழம்பு வச்சாலும் வைங்க, வாய்க்கால்ல விட்டாலும் விடுங்க. மாடியில மட்டும் விட்டுடாதீங்க.